பட்டியலில் ஏறிய சிலந்தியும் பதிவேட்டில் இல்லாத கடியும்

2022-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 2-ஆம் தேதி மக்களவையிலும், அதே ஆண்டு டிசம்பர் 8-ஆம் தேதி மாநிலங்களவையிலும் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத் திருத்த மசோதா நிறைவேறியது. விவாதத்தில் உறுப்பினர்களின் கவனத்தைப் பெரிதும் ஈர்த்தது யானைதான். கோயில்களிலும் தனியாரிடமும் உள்ள யானைகளை ஓரிடத்திலிருந்து வேறிடத்துக்குக் கொண்டு செல்ல அளிக்கப்படும் விலக்கு, யானை வணிகத்துக்கு வழிவகுத்துவிடுமோ என்ற அச்சம் பலராலும் எழுப்பப்பட்டது. அது நியாயமான அச்சமே. ஆனால், அதே மசோதாவின் கடைசிப் பக்கங்களில், நீண்டதோர் அட்டவணைக்குள் எட்டுக்கால் உயிரினம் ஒன்றும் ஓசையின்றி நுழைந்திருந்தது. டரான்டுலா எனப்படும் பெருஞ்சிலந்திதான் அது.

சிலந்தியைப் பற்றி நாடாளுமன்றம் கவலைப்பட வேண்டுமா என்று கேட்போர் உண்டு. வீட்டு உத்தரத்தில் வலை பின்னும் சிலந்திக்கு அந்தக் கவலை தேவையில்லைதான். உள்ளங்கையளவு வளரும் இந்தப் பெருஞ்சிலந்திகளைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து வளர்க்கும் பழக்கம் மேலைநாடுகளில் வேரூன்றி, இப்போது இந்தியப் பெருநகரங்களையும் எட்டிவிட்டது. நாய், பூனைபோல இடம் கேட்பதில்லை, குரைப்பதில்லை, வாரத்துக்கு ஓரிரு பூச்சிகள் போதும். இப்படிச் சொல்லித்தான் இது விற்கப்படுகிறது. கடித்தால் என்ன ஆகும் என்பதை மட்டும் விற்பவரும் சொல்வதில்லை, வாங்குபவரும் கேட்பதில்லை. நமது சட்டமும் அது குறித்து வாய் திறக்கவில்லை.

அயல்நாட்டிலிருந்து வந்த பொட்டலம்

2021-ஆம் ஆண்டு ஜூலையில் சென்னையில் நடந்த நிகழ்ச்சி நினைவிருக்கலாம். போலந்து நாட்டிலிருந்து அஞ்சலில் வந்த ஒரு பொட்டலத்தைச் சுங்கத் துறையினர் பிரித்துப் பார்த்தபோது, வெள்ளித் தாளும் பஞ்சும் சுற்றிய சிறு பிளாஸ்டிக் குப்பிகளுக்குள் 107 சிலந்திகள் உயிருடன் இருந்தன. வன உயிரினக் குற்றத் தடுப்புப் பிரிவு அதிகாரிகளும் இந்திய விலங்கியல் ஆய்வு நிறுவனத்தினரும் அவற்றை ஆராய்ந்து, மெக்சிகோ, மத்திய அமெரிக்கா போன்ற பகுதிகளைச் சேர்ந்த டரான்டுலாக்கள் என்று கருத்துத் தெரிவித்தனர். இறக்குமதி உரிமம் இல்லை, சுகாதாரச் சான்றும் இல்லை என்பதால், வந்த வழியே போலந்துக்குத் திருப்பி அனுப்ப ஏற்பாடு செய்யப்பட்டது.

பிடிபட்டது ஒரு பொட்டலம். பிடிபடாமல் வீடுகளைச் சென்றடைந்தவை எத்தனை என்பதை யாரும் அறியார். அழியும் அபாயத்திலுள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தை நெறிப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையில் இந்தியா 1976-ஆம் ஆண்டிலேயே இணைந்துவிட்டது. ஆயினும், அதில் அடங்கிய அயல்நாட்டு உயிரினங்களை உள்நாட்டில் வைத்திருப்போரைக் கேள்வி கேட்க, 1972-ஆம் ஆண்டின் வன உயிரினச் சட்டத்தில் தெளிவான வழி நெடுங்காலம் இல்லை. எல்லையைத் தாண்டும்போது பிடித்தால் உண்டு; தாண்டிவிட்டால் இல்லை என்பதே நடைமுறையாக இருந்தது.

2022-ஆம் ஆண்டுத் திருத்தம் இந்தக் குறையைப் போக்க முற்பட்டது. சைட்டிஸ் பட்டியலிலுள்ள உயிரினங்களுக்கென நான்காவது அட்டவணை உருவாக்கப்பட்டது. 2023-ஆம் ஆண்டு ஏப்ரல் 1-ஆம் தேதி சட்டம் நடைமுறைக்கு வந்தது. 2024-ஆம் ஆண்டு பிப்ரவரி இறுதியில் இதற்கான பதிவு விதிகளை மத்திய சுற்றுச்சூழல், வனம் மற்றும் பருவநிலை மாற்ற அமைச்சகம் அறிவிக்கை செய்தது. அந்த அட்டவணையிலுள்ள உயிரினத்தை வைத்திருப்பவர் ஆறு மாதங்களுக்குள் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும் என்று கூறப்பட்டது. சட்டத்தை மீறுவோருக்கான பொதுவான அபராதத்தின் உச்சவரம்பும் 25 ஆயிரம் ரூபாயிலிருந்து ஒரு லட்சம் ரூபாயாக உயர்த்தப்பட்டது.

இவை வரவேற்கத்தக்க நடவடிக்கைகள் என்பதில் ஐயமில்லை. ஆனால், இந்தப் பதிவேடு யாரைக் காப்பதற்காக உருவானது என்ற கேள்வியை எழுப்பாமல் இருக்க முடியாது. அது சிலந்தியைக் காப்பதற்காக உருவானது. சிலந்தியுடன் ஒரே வீட்டில் வாழும் மனிதரைக் காப்பதற்காக அல்ல.

அச்சமும் அலட்சியமும்

டரான்டுலாவைப் பற்றி இரு வேறு கருத்துகள் உலவுகின்றன. கடித்தால் உயிர் போய்விடும் என்பது ஒன்று. தேனீ கொட்டுவதைப் போன்றதுதான், அஞ்ச வேண்டியதே இல்லை என்பது மற்றொன்று. முதலாவது திரைப்படங்கள் வளர்த்த அச்சம். இரண்டாவது விற்பனையாளர்களும் ஆர்வலர்களும் வளர்த்த அலட்சியம். இரண்டுமே உண்மைக்குப் புறம்பானவை.

டரான்டுலாவின் நஞ்சினால் மட்டுமே மனிதர் ஒருவர் இறந்ததாக மருத்துவ இலக்கியத்தில் ஐயத்துக்கிடமின்றி உறுதி செய்யப்பட்ட நிகழ்வு இல்லை. எனவே உயிர் பறிக்கும் சிலந்தி என்ற அச்சம் மிகையானது. அச்சம் மிகும்போது என்ன நேரும் என்பதற்கு 2012-ஆம் ஆண்டு அசாமில் நடந்தது சான்று. தின்சுகியா மாவட்டத்தின் சதியா பகுதியில் பெரிய சிலந்திகள் கூட்டமாக வந்து கடிப்பதாகச் செய்தி பரவியது. இருவர் இறந்ததாகவும் கூறப்பட்டது. ஆனால் பிரேதப் பரிசோதனை நடைபெறாததால், இறப்புக்கான காரணம் நிறுவப்படவே இல்லை. கடிபட்டவர்கள் முதலில் நாடியது மருத்துவரை அல்ல, மந்திரவாதிகளை. கடிவாயைப் பிளேடால் கீறி இரத்தத்தை வெளியேற்றும் சிகிச்சைகூட அங்கு நடந்தது. நஞ்சைவிட அந்தச் சிகிச்சையே ஆபத்தாக முடிந்திருக்கக் கூடும் என்று அப்போதே மருத்துவர்கள் ஐயம் தெரிவித்தனர்.

அலட்சியத்தின் விலையும் குறைந்ததல்ல. டரான்டுலா என்ற ஒரே பெயருக்குள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இனங்கள் அடங்கியுள்ளன. வளர்ப்பவர் பார்வையில் இவற்றை இரு பெரும் பிரிவுகளாகக் கொள்ளலாம். அமெரிக்கக் கண்டங்களைச் சேர்ந்தவை ஒரு பிரிவு. ஆசிய, ஆப்பிரிக்கப் பகுதிகளைச் சேர்ந்தவை மற்றொரு பிரிவு.

அமெரிக்க இனங்களில் பலவற்றின் நஞ்சு ஒப்பீட்டளவில் வலுக்குறைந்தது. ஆனால் அவற்றிடம் வேறோர் ஆயுதம் உண்டு. சீண்டப்பட்டால் பின்னங்கால்களால் வயிற்றை உரசி, கண்ணுக்குப் புலப்படாத முள்மயிர்களைக் காற்றில் தூவும். தோலில் பட்டால் அரிப்பு. மூச்சில் கலந்தால் தும்மலும் திணறலும். கண்ணில் புகுந்தால் பெருந்துன்பம். 2009-ஆம் ஆண்டு இங்கிலாந்தின் லீட்ஸ் நகர மருத்துவமனைக்கு ஓர் இளைஞர் கண் சிவந்து, நீர் வடிந்து, வெளிச்சத்தைக் காண முடியாத நிலையில் வந்தார். சொட்டு மருந்துகள் பலன் தரவில்லை. உருப்பெருக்கியால் பார்த்தபோது, கருவிழிக்குள் மெல்லிய மயிர்கள் குத்தி நின்றன. அதைச் சொன்ன பிறகுதான், சில வாரங்களுக்கு முன் தமது சிலந்தியின் கண்ணாடிப் பெட்டியைத் துடைத்தபோது அது மயிரைத் தூவியது அவருக்கு நினைவுக்கு வந்தது. அந்த மயிர்களை அகற்றவும் இயலவில்லை. அவை அவ்வளவு நுண்ணியவை. லான்செட் மருத்துவ இதழில் இது பதிவாகியுள்ளது.

ஆசிய, ஆப்பிரிக்க இனங்களுக்கு இந்த முள்மயிர் இல்லை. அதனால் அவை தற்காப்புக்குக் கடியையே நம்புகின்றன. விரைந்து ஓடுபவை, எளிதில் சினங்கொள்பவை, நஞ்சும் வலுவானது. இவற்றுள் மருத்துவர்கள் தனித்துச் சுட்டிக்காட்டுவது பொயசிலோதீரியா என்ற மரவாழ் சிலந்தி இனத்தை. அது இந்தியாவுக்கும் இலங்கைக்கும் உரியது. ஐரோப்பாவில் இவ்வினச் சிலந்தி ஒன்றை வளர்த்து வந்த ஒருவர், விரலில் கடிபட்டுப் பல மணி நேரம் கழித்துக் கடும் தசைப்பிடிப்புடன் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். அவருக்குச் சிகிச்சை அளித்த குழுவினர், இதற்குமுன் பதிவான கடிகளையும் தொகுத்து 2014-ஆம் ஆண்டு டாக்ஸிகான் ஆய்விதழில் வெளியிட்டனர். கடிபட்டோரில் பாதிக்கும் மேற்பட்டோருக்குத் தசைப்பிடிப்பு ஏற்பட்டிருந்தது. அது உடனே வருவதில்லை. கடித்த இடத்து வலி தணிந்து, இனி ஒன்றுமில்லை என்று நிம்மதியடைந்த பிறகு, சராசரியாகப் பத்து மணி நேரம் கழித்துத் தலைகாட்டுகிறது. சிலருக்கு வாரக்கணக்கில் நீடிக்கவும் செய்கிறது. இந்தச் சிலந்தியின் கடியை மருத்துவ உலகம் குறைத்து மதிப்பிட்டுவிட்டது என்பதே அவர்களது முடிவு.

வீட்டில் நாய் வளர்ப்போர் அறிய வேண்டிய உண்மை இன்னொன்றும் உண்டு. ஆஸ்திரேலிய டரான்டுலாக்கள் கடித்த நிகழ்வுகளை அந்நாட்டு மருத்துவ ஆய்வாளர்கள் 2003-ஆம் ஆண்டு தொகுத்து வெளியிட்டனர். கடிபட்ட மனிதர்கள் 9 பேர், நாய்கள் 7. மனிதர்கள் வலியோடும் சிறு உபாதைகளோடும் தப்பினர். ஏழு நாய்களும் இறந்துவிட்டன. அவற்றுள் இரு நிகழ்வுகளில், நாயைக் கடித்த அதே சிலந்தி அதன் உரிமையாளரையும் கடித்திருந்தது. மனிதருக்குக் கேடில்லை என்பதால் வீட்டுக்கே கேடில்லை என்று ஆகிவிடாது.

பட்டியலும் ஆபத்தும் ஒன்றல்ல

இப்போது நமது சட்டத்தின் நான்காவது அட்டவணைக்கு வருவோம். அதில் மெக்சிகோவின் செம்முழங்கால் சிலந்தி உள்ளிட்ட பிராக்கிபெல்மா இனம் இருக்கிறது. வளர்ப்புச் சிலந்திகளிலேயே சாதுவானவை என்று பெயர் பெற்றவை அவை. பொயசிலோதீரியாவும் இருக்கிறது. 2019-ஆம் ஆண்டு ஜெனீவா மாநாட்டில் அது சைட்டிஸ் பட்டியலில் சேர்க்கப்பட்டதன் பலன் இது. ஆனால், கடுமையாகக் கடிக்கும் என்று ஆர்வலர்களே எச்சரிக்கும் ஆப்பிரிக்கச் சிலந்திகள் பலவும், வடகிழக்கு உள்பட இந்தியக் காடுகளில் வளையமைத்து வாழும் கைலோபிராக்கிஸ் இனமும் 2022-ஆம் ஆண்டு நாடாளுமன்றம் ஏற்ற பட்டியலில் இடம்பெறவில்லை.

இதில் அமைச்சகத்தைக் குறைகூறிப் பயனில்லை. எந்த உயிரினம் வணிகத்தால் அழியும் என்பதே சைட்டிஸ் உடன்படிக்கையின் அளவுகோல். எது கடித்தால் ஆபத்து என்பதல்ல. ஆனால் சாதாரணக் குடிமகன் இந்த வேறுபாட்டை அறிவானா? பட்டியலில் உள்ளதற்கு அரசிடம் பதிவு செய்ய வேண்டும். இல்லாததற்கு எதுவும் தேவையில்லை என்றால், இல்லாதது ஆபத்தற்றது என்றே அவன் முடிவு கட்டுவான். பதிவு பெற்றவனோ, அரசே அனுமதித்துவிட்டது, இனி அச்சமில்லை என்று எண்ணிக்கொள்வான். இரண்டும் தவறான முடிவுகள். இரண்டுக்கும் வாய்ப்பளிப்பது, கடியைப் பற்றிய சட்டத்தின் மௌனம்.

இந்த மௌனத்தின் விளைவு மருத்துவமனையில்தான் வெளிப்படும். டரான்டுலா கடிக்கென்று நச்சுமுறி மருந்து கிடையாது. நம் நாட்டில் கிடைக்கும் நச்சுமுறி மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கு பாம்புகளின் நஞ்சுக்கானது. சிலந்திக் கடிக்கு அதைச் செலுத்துவதால் பயனில்லை. ஒவ்வாமை ஏற்பட்டால் அதுவே வேறோர் ஆபத்து. வலியைத் தணிப்பதும், தசைப்பிடிப்பைத் தளர்த்துவதும், புண் சீழ் பிடிக்காமலும் தசைவிறைப்பு நோய் தாக்காமலும் காப்பதும், நோயாளியைக் கண்காணிப்பில் வைத்திருப்பதுமே சிகிச்சை. இவை எந்த மாவட்ட மருத்துவமனையிலும் செய்யக் கூடியவைதான். ஆனால், கடித்தது எது, எந்த இனம் என்பது மருத்துவருக்குத் தெரிய வேண்டும். பத்து மணி நேரம் கழித்துத் தசைப்பிடிப்புடன் வருபவர், முந்தைய இரவு சிலந்தி கடித்ததைச் சொல்லாவிட்டால், மருத்துவர் எங்கெல்லாமோ காரணத்தைத் தேடிக்கொண்டிருப்பார்.

சொல்லாமல் மறைப்பதற்கோ நமது சட்டமே காரணமாகக் கூடும். உரிமமின்றி வந்த சிலந்தியைப் பதிவு செய்யாமல் வைத்திருப்பவர், சிறைக்கும் ஒரு லட்சம் ரூபாய் அபராதத்துக்கும் அஞ்சி, ஏதோ பூச்சி கடித்தது என்று சொல்லிவிடுவார். கடிபட்டது அவருடைய குழந்தையாக இருந்தால் என்ன சொல்வார்?

நம் காட்டின் நீலச்சிலந்தி

அயல்நாட்டுச் சிலந்தி கிடைப்பது கடினமாகும்போது, உள்நாட்டுக் காடுகளின் மீது கண் விழும் அபாயமும் இருக்கிறது. சென்னை - மும்பை ரயில் பாதையில் வரும் ஆந்திரத்தின் குத்தி சந்திப்பைப் பலரும் அறிவர். 1899-ஆம் ஆண்டு அங்குள்ள ரயில்வே மரக் கிடங்கில் கிடைத்த நீலநிறச் சிலந்தி ஒன்றை, பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தைச் சேர்ந்த போகாக் என்ற விலங்கியலாளர் உலகுக்கு அறிவித்தார். அதன்பிறகு ஒரு நூற்றாண்டுக் காலம் அது கண்ணில் படவில்லை. 2001-ஆம் ஆண்டுதான் நந்தியாலுக்கும் கித்தலூருக்கும் இடைப்பட்ட காட்டில் மீண்டும் காணப்பட்டது. நூறு சதுர கிலோ மீட்டருக்கும் குறைந்த, சிதைந்துவரும் காட்டில் வாழும் அதை, மிகக் கடுமையாக அழியும் நிலையில் உள்ளது என்று இயற்கைப் பாதுகாப்புக்கான சர்வதேச ஒன்றியம் வகைப்படுத்தியிருக்கிறது. இன்று ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் கண்ணாடிப் பெட்டிகளில் அது பெருமளவில் வளர்க்கப்படுகிறது. பிறந்த மண்ணிலோ மர இடுக்கில் ஒண்டிக்கிடக்கிறது.

ராமேசுவரம் தீவிலும் இதன் உறவினம் ஒன்று உண்டு. அங்குள்ள அனுமன் கோயிலின் பெயரையே அடியொற்றி 2004-ஆம் ஆண்டு அறிவியல் பெயர் சூட்டப்பட்ட அந்தச் சிலந்தியும் அதே அபாயப் பிரிவில்தான் உள்ளது. இத்தகைய சிலந்திகளைப் பிடிக்க மரப்பட்டையை உரித்தால், அடுத்த தலைமுறைச் சிலந்திக்கு ஒளிந்துகொள்ளப் பொந்து இருக்காது. பிடித்துச் செல்பவர் அறியாத மற்றொன்றும் உண்டு. தசைப்பிடிப்பை ஏற்படுத்துவதாக ஐரோப்பிய மருத்துவர்கள் எச்சரித்தது இதே இனத்தைத்தான். அந்த வகையில், சிலந்தியின் நலனும் மனிதரின் நலனும் ஒரே இடத்தில் சந்திக்கின்றன: அதைக் காட்டிலேயே விட்டுவிடுவது.

செய்ய வேண்டியவை

இதற்காகப் புதிய சட்டம் இயற்ற வேண்டியதில்லை. இருக்கும் விதிகளோடு சிலவற்றைச் சேர்த்தாலே போதும். முதலாவதாக, பதிவுச் சான்றுடன் அந்த உயிரினத்தால் நேரக் கூடிய ஆபத்துகளையும் முதலுதவியையும் விளக்கும் ஒரு பக்கக் குறிப்பு, மாநில மொழிகளில் வழங்கப்பட வேண்டும். கையில் எடுத்து விளையாடக் கூடாது. நீண்ட இடுக்கியால் மட்டுமே பெட்டிக்குள் வேலை செய்ய வேண்டும். பெட்டியைத் துடைக்கும்போது கண்ணாடி அணிய வேண்டும். குழந்தைகளுக்கும் நாய்க்கும் எட்டாத இடத்தில் பூட்டி வைக்க வேண்டும். கடித்தால் சோப்பும் தண்ணீரும் கொண்டு கழுவி, குளிர் ஒத்தடம் கொடுத்து மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். கீறுதல், உறிஞ்சுதல், இறுக்கிக் கட்டுதல் ஆகியவை கூடாது. கண்ணில் மயிர் பட்டால் கசக்கக் கூடாது. இவ்வளவுதான். ஒரு பக்கத்துக்கு மேல் ஆகாது.

இரண்டாவதாக, எந்தெந்த இனங்கள் நாட்டில் வளர்க்கப்படுகின்றன என்ற விவரத்தை, உரிமையாளர் பெயரின்றி, தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் இரவு பகலாக இயங்கும் தேசிய நச்சுத் தகவல் மையத்துடன் அமைச்சகம் பகிர்ந்துகொள்ள வேண்டும். எங்கோ ஒரு மாவட்ட மருத்துவர் நள்ளிரவில் கேட்டால், விடை சொல்ல அந்த மையத்தில் தகவல் இருக்க வேண்டும்.

மூன்றாவதாக, பட்டியலில் இல்லாத இனங்களானாலும், நச்சுயிரியை விற்பவர் அதன் ஆபத்தை எழுத்தில் தெரிவிப்பதைக் கட்டாயமாக்க வேண்டும். நான்காவதாக, சிகிச்சைக்கு வருபவர் மருத்துவரிடம் சொல்வது அவர் மீதான வழக்குக்குச் சான்றாகாது என்ற உறுதி அளிக்கப்பட வேண்டும். இதனால் கடத்தலுக்குத் துணை போவதாகாது. கடத்தலைச் சுங்கச் சாவடியில் தடுக்க வேண்டுமே தவிர, அவசரச் சிகிச்சைப் பிரிவின் வாசலில் அல்ல.

பெண் டரான்டுலா 20 ஆண்டுகளுக்கு மேலும் வாழக் கூடியது. இன்று கல்லூரி மாணவர் ஒருவர் விளையாட்டாக வாங்கும் சிலந்தி, அவருக்குத் திருமணமாகி, குழந்தை பிறந்து, அந்தக் குழந்தை பள்ளிக்குச் செல்லும் காலத்திலும் அதே வீட்டில் இருக்கும். வாங்கியவர் மறந்தாலும் அதன் இயல்பு மாறாது. அது மனிதரைப் பகைப்பதும் இல்லை. பழகி நேசிப்பதும் இல்லை. தொட்டால் தற்காத்துக்கொள்ளும், அவ்வளவே.

யானைக்காக நாடாளுமன்றம் நேரம் ஒதுக்கியதில் தவறில்லை. யானையின் பலத்தை எல்லோரும் அறிவர். அதனால் எச்சரிக்கையாகவும் இருப்பர். கண்ணாடிப் பெட்டிக்குள் அசையாமல் அமர்ந்திருக்கும் சிலந்தியின் பலத்தை யாரும் அறியவில்லை. அறியாத இடத்தில்தான் அரசு பேச வேண்டும். சிலந்தியைப் பதிவேட்டில் ஏற்றிய அமைச்சகம், அதன் கடியைப் பற்றியும் இரண்டு வரி சேர்த்து எழுதட்டும்.